கழுத்து நாளக் குழாய்: உயிர் காக்கும் வழி நோயின் வழியாகலாகாது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவு பகலாகக் காத்திருக்கும் உறவினரிடம் படிவம் ஒன்று நீட்டப்படுகின்றது. "நோயாளியின் கழுத்தில் ஒரு குழாய் போட வேண்டியுள்ளது, கையொப்பமிடுங்கள்" எனக் கேட்கப்படுகின்றது. கையொப்பமிடுபவருக்கு அக்குழாய் யாது, அது எதற்காகப் போடப்படுகின்றது, அதனால் விளையக்கூடிய தீங்குகள் எவை என்பன பெரும்பாலும் தெரிவதில்லை. கேட்பதற்குத் துணிவும் வருவதில்லை. வைத்தியருக்கோ விளக்குவதற்கு நேரமில்லை. எமது வைத்தியசாலைகளில் அடிக்கடி நிகழும் இக்காட்சியின் பின்னால், நவீன மருத்துவத்தின் மிகப் பயனுள்ளதும் அதேவேளை மிகுந்த கவனத்தை வேண்டுவதுமான ஒரு சிகிச்சை முறை இருக்கின்றது. மத்திய நாளக் குழாய் ஏற்றுதல் என்று அதனைக் கூறலாம்.

2023 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்காகச் சிகிச்சை பெற்ற சிறுமி ஒருவரின் கையில் கனுலா ஏற்றப்பட்டதன் பின்னர் உண்டான பாதிப்பினால், அக்கையின் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தது. அச்சம்பவம் எமது மக்களை உலுக்கியது. அதில் தவறு எவருடையது என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது விசாரணைக்குரிய விடயம். எனினும், கையில் ஏற்றப்படும் சிறு கனுலா பற்றியே இத்தனை அச்சம் எழுந்துள்ள நிலையில், இதயத்தின் அருகுவரை செல்லும் குழாயைப் பற்றி எமது சமூகம் அறிந்திருப்பது அவசியமாகும். அச்சத்தை வளர்ப்பதற்காக அன்று. எங்கே அஞ்ச வேண்டும், எங்கே நம்ப வேண்டும் என்பதைப் பிரித்தறிவதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

எதற்காக இக்குழாய்?

சாதாரண கனுலா தோலுக்கு அண்மையில் ஓடும் சிறிய நாளத்தினுள் செலுத்தப்படுவது. மத்திய நாளக் குழாய் அவ்வாறானதன்று. கழுத்திலோ, காறையெலும்பின் கீழோ, தொடையின் மேற்பகுதியிலோ உள்ள பெரிய நாளம் ஒன்றினூடாக அது செலுத்தப்படுகின்றது. கழுத்திலிருந்து செலுத்தப்படும் குழாய் பொதுவாக 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. அதன் நுனி இதயத்தினுள் குருதியைக் கொண்டு சேர்க்கும் பெருநாளத்தில் அமைகின்றது.

குருதியமுக்கம் வீழ்ந்து உயிராபத்தான நிலையிலுள்ள நோயாளிக்கு வழங்கப்படும் வலிமையான மருந்துகள் சிறிய நாளங்களையும் சூழவுள்ள தசையையும் சிதைத்துவிடக்கூடியவை. பெருநாளத்தில் ஓடும் மிகுதியான குருதியுடன் கலக்கும்போது அவை விரைவாக ஐதாகிவிடுகின்றன. புற்றுநோய்க்கான சில மருந்துகளுக்கும், வாயால் உணவு உட்கொள்ள முடியாதோருக்கு நாளம் வழியாக ஊட்டமளிப்பதற்கும், சிறுநீரகம் செயலிழந்தோருக்கு அவசரமாகக் குருதிச் சுத்திகரிப்புச் செய்வதற்கும் இவ்வழியே தேவைப்படுகின்றது.

யாழ். குடாநாட்டிற்கு இத்தேவை அந்நியமானதன்று. மாரி மழையுடன் டெங்கு வருகின்றது. 2024 டிசெம்பரில் வடமராட்சியில் பரவிய எலிக்காய்ச்சல் உயிர்களையும் பறித்தது. எலிக்காய்ச்சல் கடுமையாகும்போது முதலில் தாக்கப்படும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. வயலிலும் தோட்டத்திலும் கண்ணாடிப் புடையன் தீண்டியவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழப்பதுண்டு. நீரிழிவு முற்றிச் சிறுநீரகத்தை இழந்தோர் எமது ஊர்கள் தோறும் இருக்கின்றனர். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 2011 இல் மேற்கொள்ளப்பட்ட நடைபவனியின் மூலம் திரட்டப்பட்ட நிதியால் உருவான தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் எமது மண்ணிலேயே இருக்கின்றது. எனவே இக்குழாய் எங்கோ வெளிநாட்டில் நடைபெறும் சிகிச்சையன்று; எமது அயல்வீட்டாருக்கு நாளை தேவைப்படக்கூடிய ஒன்று.

இம்முறை வளர்ந்த வரலாறு

1929 ஆம் ஆண்டு ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் பணியாற்றிய வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர், மேலதிகாரியின் தடையையும் மீறி, தமது முழங்கை நாளத்தினூடாக 65 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் குழாயைச் செலுத்தினார். பின்னர் எக்ஸ்றே அறைக்கு நடந்து சென்று, அதன் நுனி இதயத்தை அடைந்திருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். அன்று கண்டிக்கப்பட்ட அவருக்கு 1956 இல் வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1952 இல் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர் ஒபனியாக் காறையெலும்பின் கீழுள்ள நாளத்தை அடையும் முறையை விபரித்தார். 1953 இல் சுவீடன் நாட்டவரான செல்டிங்கர், முதலில் ஊசி, அதனூடாக மெல்லிய கம்பி, அக்கம்பியின் மேலாகக் குழாய் என்ற எளிய வழியை அறிமுகப்படுத்தினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது அவர் காட்டிய வழியே.

இவ்வழி எளிது, ஆயினும் ஒவ்வொரு படியிலும் ஆபத்து மறைந்திருக்கின்றது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அவ்வாபத்துகளை ஒவ்வொன்றாக அறிய வேண்டும்.

ஊசி முனையில் உள்ள ஆபத்து

கழுத்தில் நாளமும் நாடியும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. நாளம் இதயத்துக்குக் குருதியைக் கொண்டு செல்வது. நாடி இதயத்திலிருந்து மூளைக்குக் குருதியை அழுத்தத்துடன் கொண்டு செல்வது. முற்காலத்தில் வைத்தியர்கள் கழுத்துத் தசைகளையும் நாடித் துடிப்பையும் விரலால் உணர்ந்து, நாளம் இருக்கக்கூடிய இடத்தை அனுமானித்தே ஊசியைச் செலுத்தினர். அனுமானம் பெரும்பாலும் சரியாக இருந்தது. ஆனால் எல்லா மனிதரிலும் நாளம் பாடநூற் படத்தில் உள்ள இடத்திலேயே அமைவதில்லை. ஊசி நாடியைத் துளைத்தால் கழுத்தில் குருதி கட்டிப்படும். சற்றே கீழிறங்கினால் சுவாசப்பையின் மேல்நுனியைத் துளைத்து, அதனைச் சூழ்ந்த உறையினுள் காற்றுப் புகுந்துவிடும். அப்போது சுவாசப்பை சுருங்கி நோயாளி மூச்சுத் திணறுவார்.

இதற்கான தீர்வு கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதேயாகும். கருப்பிணித் தாய்மாரின் வயிற்றிலுள்ள சிசுவைப் பார்க்கப் பயன்படும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கான், கழுத்து நாளத்தையும் திரையில் காட்டும். ஸ்கான் கருவியை மெல்ல அழுத்தினால் நாளம் தட்டையாகும். நாடி தட்டையாகாது துடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் வேறுபடுத்தி, ஊசியின் முனை செல்லும் வழியைப் பார்த்துக்கொண்டே செலுத்தலாம். பிரித்தானியாவின் நைஸ் எனப்படும் தேசிய நிறுவனம், கழுத்து நாளத்தில் குழாய் ஏற்றும்போது ஸ்கானைப் பயன்படுத்துமாறு 2002 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. முதல் முயற்சியிலேயே நாளத்தை அடைவது அதிகரிக்கின்றது, நாடியைத் துளைப்பது குறைகின்றது என்பதை அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்துள்ளன.

எந்த இடத்தில் ஏற்றுவது என்பதும் ஆராயப்பட வேண்டியது. பிரான்ஸ் நாட்டின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 3,000 இற்கும் மேற்பட்ட குழாய்களை ஒப்பிட்டு 2015 இல் வெளியான ஆய்வு ஒன்று, காறையெலும்பின் கீழான வழியில் தொற்றும் குருதிக்கட்டியும் மிகக் குறைவு எனக் கண்டது. ஆனால் மார்பினுள் குழாய் செலுத்திச் சீர்செய்ய வேண்டிய அளவுக்குக் காற்றுப் புகுந்த நிகழ்வுகள் அவ்வழியில் நூற்றுக்கு 1.5 ஆகவும், கழுத்து வழியில் 0.5 ஆகவும் இருந்தன. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே இடம் இல்லை என்பதே இதன் பொருள்.

எமது குடாநாட்டில் இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. டெங்கு நோயாளியின் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கும். கண்ணாடிப் புடையனின் விஷம் ஏறியவருக்குக் குருதி உறையாது. இத்தகையோருக்குக் காறையெலும்பின் கீழே தவறுதலாக நாடி துளைக்கப்பட்டால், அவ்விடத்தை வெளியிலிருந்து அழுத்திக் குருதிப்பெருக்கை நிறுத்த இயலாது. கழுத்திலும் தொடையிலும் அழுத்த இயலும். ஆகவே இந்நோயாளருக்குக் குழாய் உண்மையாகவே இப்போது தேவையா, கையிலுள்ள கனுலாவுடன் சமாளிக்க முடியாதா என்ற கேள்வி முதலில் எழ வேண்டும். தேவையெனின், அனுபவமிக்கவர் ஸ்கானின் துணையுடன் அழுத்தக்கூடிய இடத்திலேயே ஏற்ற வேண்டும்.

கம்பியும் குழாயும்

ஊசியினூடாகக் கம்பி சென்ற பின்னர், குழாய் நுழைவதற்காகத் துளையைப் பெரிதாக்கும் தடித்த கருவி ஒன்று கம்பியின் மேலாகச் செலுத்தப்படுகின்றது. சிறு ஊசி நாடியைத் துளைத்தால் அழுத்திச் சரிசெய்யலாம். தடித்த கருவி நாடிக்குள் சென்றுவிட்டால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், பக்கவாதமும் நேரலாம். எனவே அக்கருவியைச் செலுத்துவதற்கு முன்னர், கம்பி நாளத்தினுள்தான் இருக்கின்றதா என்பதை ஸ்கான் மூலமோ குருதியின் அழுத்தத்தைப் பார்த்தோ உறுதிப்படுத்த வேண்டும். குருதியின் நிறத்தை மாத்திரம் நம்பலாகாது. ஒட்சிசன் குறைந்து, குருதியமுக்கம் வீழ்ந்த நோயாளியில் நாடியின் குருதியும் கருமையாகவே தோன்றும்.

கம்பியை மிகையாக உட்செலுத்தினால் அது இதயச் சுவரைத் தொட்டு இதயத்துடிப்பைக் குழப்பும். ஆதலால் இதயத்துடிப்பைக் காட்டும் திரை நோயாளியுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பியின் ஒரு முனை எப்போதும் வைத்தியரின் கையில் இருக்க வேண்டும். களைப்பினாலோ அவசரத்தினாலோ கம்பி முழுவதும் நோயாளியின் உடலினுள்ளேயே விடப்பட்ட சம்பவங்கள் வளர்ச்சியடைந்த நாடுகளிலும் பதிவாகியுள்ளன. கம்பி வெளியே எடுக்கப்பட்டது என்பதை உதவியாக நிற்பவர் கண்ணால் கண்டு, வாய்விட்டுச் சொல்லி, ஏட்டில் பதியும் வழக்கம் இருந்தால் இத்தவறு நிகழாது. இதற்குச் செலவு எதுவுமில்லை.

இறுதியாக, குழாயின் நுனி உரிய இடத்தில் உள்ளதா, சுவாசப்பைக்குப் பாதிப்பில்லையா என்பதை எக்ஸ்றே மூலம் பார்த்த பின்னரே மருந்து செலுத்துதல் முறையாகும். உயிராபத்தான அவசரத்தில் மாத்திரமே வைத்தியர் இதற்கு விலக்களிப்பார். குழாயை அகற்றுவதும் சிறு விடயமன்று. நோயாளி அமர்ந்திருக்கையில் கழுத்துக் குழாயை இழுத்தெடுத்தால் துளையினூடாகக் காற்று உறிஞ்சப்பட்டு இதயத்தை அடையலாம். படுக்கவைத்து, மூச்சை அடக்கச் செய்து, அகற்றிய உடனேயே அழுத்தி, காற்றுப் புகாத மருந்துக்கட்டு இட வேண்டும்.

தொற்றைத் தடுத்த ஐந்து செயல்கள்

ஊசியால் நேரும் தீங்கு உடனே தெரியும். தொற்றோ நாள்கள் கழித்தே தலைகாட்டும். தோலிலும் கைகளிலும் உள்ள கிருமிகள் குழாய் வழியாக நேரே குருதியோட்டத்தில் கலக்கின்றன. நோயாளி குளிரால் நடுங்கிக் காய்ச்சல் காண்கின்றார். ஏற்கெனவே நலிந்த உடல் அதனைத் தாங்காது போகலாம். அவர் இறந்தால், மூல நோயினால் இறந்தார் என்றே வீட்டார் எண்ணுவர். எவரும் எண்ணிப் பார்க்காத மரணங்களாக அவை மறைந்துவிடுகின்றன.

இவ்வாறான தொற்று, பெரிய சிகிச்சையுடன் ஒட்டிப் பிறந்த விதி என்றே உலகம் நீண்டகாலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் தகர்த்தது. வைத்தியர் பீற்றர் ப்ரொனொவொஸ்ற் தலைமையில் நூறுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து செயல்களைத் தவறாது பின்பற்ற முன்வந்தன. கைகளை முறையாகக் கழுவுதல். தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய மேலங்கி, கையுறை அணிந்து நோயாளியின் உடலையும் பெரிய கிருமி நீக்கிய துணியால் போர்த்துதல். தோலைக் குளோர்ஹெக்சிடீன் கொண்டு துடைத்தல். இயன்றவரை தொடை நாளத்தைத் தவிர்த்தல். தேவையற்ற குழாயை அகற்றுதல் என்பனவே அவை. 2006 இல் வெளியான முடிவுகளின்படி, ஆயிரம் குழாய் நாள்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாத அளவில் 1.4 ஆக வீழ்ந்தது.

இவ்வைந்தில் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. விலையுயர்ந்த இயந்திரமும் அன்று. எல்லா வைத்தியரும் அறிந்திருந்தவையே. ஆயின் அறிந்திருப்பது வேறு, ஒவ்வொரு முறையும் செய்வது வேறு. அங்கே மாற்றத்தை உண்டாக்கியவற்றுள் முதன்மையானது, தாதியின் கையில் கொடுக்கப்பட்ட சரிபார்ப்புப் பட்டியலாகும். ஒரு படி தவறவிடப்பட்டால், அவசர நிலை அல்லாதபோது, "நிறுத்துங்கள்" என்று வைத்தியரிடம் கூறும் அதிகாரம் தாதிக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு கூறுபவருக்கு நிருவாகம் துணை நின்றது.

எமது வைத்தியசாலைகளில் இது எளிதில் நடக்கக்கூடியதா? மூத்தோரை எதிர்த்துப் பேசலாகாது என்பது எமது பண்பாட்டில் ஊறிய ஒழுக்கம். பயிற்சி வைத்தியர் நிபுணரையும், தாதி வைத்தியரையும் திருத்துவது அவமதிப்பாகக் கருதப்படலாம். அதனாலேயே இவ்வதிகாரம் தனிப்பட்டவரின் துணிவில் தங்கியிருத்தலாகாது. நிபுணரே முன்வந்து, "நான் தவறினால் என்னை நிறுத்துங்கள்" என்று தமது பிரிவினர் முன்னிலையில் கூறுவாராயின், பின்னர் நிறுத்துபவர் அவமதிப்பவராகார், கடமை செய்பவராவார்.

1847 தந்த இரு பாடங்கள்

வியன்னா நகரின் மகப்பேற்று வைத்தியசாலையில், 1847 ஆம் ஆண்டு இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்க்கும் முன்னர் குளோரின் கலந்த நீரில் கைகழுவுமாறு பணித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மாரின் மரணம் ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. ஆயினும் தமது கைகளே நோயைக் கடத்தின என்பதை ஏற்க அக்காலப் பெரிய வைத்தியர் பலர் மறுத்தனர். கைகழுவுதல் உலக வழக்கமாவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. உண்மையைக் கண்டறிவதினும் கௌரவத்தை விட்டுக்கொடுப்பது கடினம் என்பது அவ்வரலாறு தரும் பாடம்.

அதே 1847 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டு வைத்தியம் செய்த அவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை முதலிய நூல்களைத் தமிழாக்குவித்தார். தமிழ் மட்டும் அறிந்த கிராமத்தவருக்கும் அவர்தம் உடலைப் பற்றிய அறிவு சென்றடைய வேண்டும் என்பது அவரது நோக்கமாக இருந்தது. அத்தகைய மரபு நிலவிய மண்ணில், இன்று ஒரு நோயாளியின் உறவினர் விளங்காத படிவத்தில் கையொப்பமிடுவது பொருத்தமற்றது. குழாய் எதற்கு, எங்கே, எத்தனை நாள், என்ன தீங்கு வரலாம் என்பவற்றை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது பெரும் பணியன்று.

எமது நிலையும் செய்யத்தக்கனவும்

போர்க்காலத்தில் மின்சாரமும் எரிபொருளும் மருந்தும் தடைப்பட்டிருந்த ஆண்டுகளிலும் எமது வைத்தியர்களும் தாதியர்களும் பணியைக் கைவிடவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளும் உபகரணங்களும் அருகின. அதனைத் தொடர்ந்து நாடெங்கிலுமிருந்து வைத்தியர்கள் பலர் வெளிநாடு சென்றனர். எஞ்சியோரின் சுமை கூடியது. களைத்த கையே தவறும் கை என்பதை மறந்து, பணியாளரை மாத்திரம் குறை கூறுவது நீதியாகாது. எனினும், வளம் வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, குழாய் ஏற்றுவதற்குத் தேவையான யாவற்றையும் ஒரே பெட்டியில் அல்லது ஒரே தள்ளுவண்டியில் ஆயத்தமாக வைத்திருத்தல். கையுறை ஓரிடத்திலும், போர்வைத் துணி வேறோரிடத்திலும், மருந்து பூட்டிய அலுமாரியிலும் இருந்தால், நள்ளிரவு அவசரத்தில் ஏதாவதொன்று தவறவிடப்படும்.

இரண்டாவது, பயிற்சி. முதன்முறை ஊசி பிடிப்பவரின் முதல் மாதிரி உயிருள்ள நோயாளியாக இருத்தலாகாது. விலையுயர்ந்த பொம்மை கிடைக்காவிடினும், ஜெலற்றின் கட்டியினுள்ளோ கோழி இறைச்சியினுள்ளோ நீர் நிரப்பிய இறப்பர்க் குழாயை வைத்து ஸ்கானுடன் பழகலாம். பல நாடுகளில் இவ்வாறே பயிற்றுகின்றனர். இத்தனை முறை மேற்பார்வையில் செய்த பின்னரே தனியே செய்யலாம் என்ற வரையறையும் வேண்டும். இரு முறை முயன்றும் இயலாதவர் அனுபவமிக்கவரை அழைப்பது தோல்வியாகக் கருதப்படலாகாது.

மூன்றாவது, நாள்தோறும் நோயாளரைப் பார்வையிடும்போது "இக்குழாய் இன்றும் தேவையா?" என்று கேட்டு விடையை ஏட்டில் எழுதுதல். தேவையற்றுக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு ஒரு வாய்ப்பாகும். அவசரத்தில் முறைப்படி கிருமி நீக்காது ஏற்றப்பட்ட குழாயை இரண்டு நாள்களுக்குள் மாற்ற வேண்டும். ஆதார வைத்தியசாலைகளிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும் நோயாளியுடன், குழாய் எப்போது, எவ்வாறு ஏற்றப்பட்டது என்ற குறிப்பும் வர வேண்டும்.

நான்காவது, எண்ணுதல். ஒரு பிரிவில் நாளொன்றுக்குப் பத்துப் பேர் வீதம் 30 நாள்கள் குழாயுடன் இருந்தால் 300 குழாய் நாள்களாகும். அம்மாதம் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால், ஆயிரம் நாள்களுக்கு 3.3 என்பது கணக்கு. இதற்குக் கணினியும் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். இவ்வெண்ணைப் பிரிவின் சுவரில் எழுதிவைத்தால், சென்ற மாதத்தை விட இம்மாதம் நாம் முன்னேறினோமா என்பது பணியாளர் அனைவருக்கும் தெரியும். எண்ணப்படாத தீங்கு திருத்தப்படுவதில்லை. அவ்வெண் பிறரைத் தண்டிக்கும் ஆயுதமாக மாறினால் எண்கள் மறைக்கப்படும் என்பதை நிருவாகம் நினைவிற்கொள்ள வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் நல்லெண்ணம் போற்றத்தக்கது. ஆனால் பழுதுபார்க்க ஆளும் உதிரிப்பாகமும் இன்றி மூலையில் கிடக்கும் இயந்திரத்தால் பயனில்லை. கையடக்க ஸ்கான் ஒன்றுடன் அதன் பராமரிப்புச் செலவையும், கிருமி நீக்கிய போர்வைகளையும் குளோர்ஹெக்சிடீனையும் தொடர்ந்து வழங்கினால் அவ்வுதவி நிலைத்து நிற்கும். அங்குள்ள வைத்தியர்களும் தாதியர்களும் விடுமுறையில் வரும்போது இரு நாள்கள் பயிற்சியளிப்பது அதனினும் பெரிது.

நோயாளரும் வீட்டாரும் அறிய வேண்டியவை

கழுத்துக் குழாயுடன் வீடு திரும்பி, வாரந்தோறும் குருதிச் சுத்திகரிப்புக்குச் செல்வோர் உள்ளனர். அவர்களின் பாதுகாப்பில் பெரும் பங்கு வீட்டாரின் கையிலேயே இருக்கின்றது. மருந்துக்கட்டு நனையவோ அழுக்குறவோ கூடாது. கிணற்றடிக் குளிப்பும், கீரிமலையிலோ ஆலயத் தீர்த்தத்திலோ நீராடலும் குழாய் அகற்றப்படும்வரை தவிர்க்கப்பட வேண்டும். கழுத்துக்குக் கீழே துடைத்துக் குளிப்பது போதுமானது. திருநீறோ சந்தனமோ மருந்துக்கட்டின் அருகே பூசலாகாது. நெற்றியில் மாத்திரம் அணியலாம்.

இஸ்லாமிய சகோதரர்கள் வுழூச் செய்யும்போது முகம் கழுவும் நீர் வழிந்து கழுத்தை நனைக்காதவாறு கவனிக்க வேண்டும். குளிப்புக் கடமையாகும் வேளைகளில், நீர் படக்கூடாத காயமுடையோருக்கு மார்க்கம் மஸ்ஹு, தயம்மும் ஆகிய சலுகைகளை வழங்கியுள்ளது. அவற்றின் விபரத்தை மார்க்க அறிஞரிடம் கேட்டறிக. தயம்மும் செய்யும் மண் குழாயில் படலாகாது. ரமழான் நோன்பு பற்றிய முடிவைச் சிறுநீரக வைத்தியருடன் கலந்தே எடுக்க வேண்டும். குழாய் ஏற்றும்போது பெண் நோயாளியின் தலைத்துணியை அகற்ற வேண்டியிருக்கும். கிருமி நீக்கிய துணியால் உடல் முழுவதையும் போர்த்துவது தொற்றைத் தடுப்பதுடன் மறைப்பையும் பேணுகின்றது. பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும் என முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

குளிருடன் காய்ச்சல் வந்தால், குழாயைச் சுற்றிச் சிவந்தால், வலித்தால், சீழ் வடிந்தால் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பனடோல் குடித்துப் பார்ப்போம் என்று நாள் கடத்துவது உயிருக்கு ஆபத்து. நெடுந்தீவு போன்ற தீவகப் பகுதிகளில் வாழ்வோர் படகு நேரத்தையும் கணக்கிட்டு முன்னதாகவே புறப்பட வேண்டும். குழாய் தற்செயலாகக் கழன்றுவிட்டால், உடனே படுத்து, துளையின் மீது சுத்தமான துணியை வைத்து இறுக அழுத்தியபடி உதவி கோருக. குருதிச் சுத்திகரிப்புக்கான குழாயில், அப்பிரிவின் பணியாளரைத் தவிர வேறெவரும் ஊசி மருந்தோ சேலைனோ ஏற்ற அனுமதிக்கலாகாது. நீண்டகாலம் சுத்திகரிப்புத் தேவைப்படுவோர், கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் பிஸ்ரியூலா சத்திரசிகிச்சையைக் காலந்தாழ்த்தாது செய்துகொள்வது நல்லது. அவ்விணைப்பில் தொற்று வாய்ப்புக் கழுத்துக் குழாயை விட மிகக் குறைவு.

வைத்தியசாலையில் இருக்கும்போது உறவினர் மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேட்கலாம். இக்குழாய் எதற்காக? ஸ்கான் பார்த்து ஏற்றப்படுமா? எப்போது அகற்றப்படும்? இவற்றைக் கேட்பவர் வைத்தியரைச் சந்தேகிப்பவரல்லர். நோயாளியைக் காப்பதில் அவருடன் பங்குகொள்பவர். "ஸ்கான் இல்லை, ஆனால் காத்திருக்க நேரமுமில்லை" என்று வைத்தியர் விடையளித்தால் அதனையும் புரிந்துகொள்ள வேண்டும். சில வேளைகளில் தாமதமே பெரிய தீங்காகும்.

மத்திய நாளக் குழாய் எமது மக்களில் பலரை மரணத்தின் வாசலிலிருந்து மீட்டுத் தந்திருக்கின்றது, இனியும் தரும். அக்குழாயினாலேயே ஒருவர் இறக்க நேர்ந்தால் அதனை விதியென்று ஏற்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. தடுக்கும் வழி தெரிந்திருக்கின்றது. அதன் பெரும்பகுதி மலிவானதும்கூட. கழுவிய கை, போர்த்திய துணி, பார்த்துச் செலுத்திய ஊசி, எண்ணிப் பதிந்த ஏடு, நிறுத்துங்கள் என்று சொல்ல உரிமை பெற்ற தாதி ஆகிய இவ்வைந்தும் குடாநாட்டின் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். இதனைச் சுகாதார அதிகாரிகள் தமது கடமையாகவும், மக்கள் தமது உரிமையாகவும் கருத வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.